5 கோடி டவுன்லோடு, 16 மாதத்தில் மூடிய ஆபீஸ்: சின்ன கேம் ஸ்டுடியோக்கள் ஏன் எழுகின்றன, ஏன் விழுகின்றன?

ஒரு சின்ன கேம் கம்பெனி மூடப்பட்டது என்று செய்தி வந்தால் உடனே இரண்டு விளக்கங்கள் கிளம்பும். "ஜனங்களுக்குச் சலித்துப் போச்சு" என்பது ஒன்று. "பெரிய கம்பெனிக்காரன் வாங்கிக் கெடுத்துட்டான்" என்பது இன்னொன்று. இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் ஏன் அவ்வளவு சீக்கிரம் சலித்தது, வாங்கியவர்கள் எந்த நம்பிக்கையில் அவ்வளவு பணம் கொடுத்தார்கள் என்று கேட்டால் இரண்டிலுமே பதில் கிடைக்காது. இதற்கிடையில், கேம் செய்யும் ஆசையோடு படித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகள் டவுன்லோடு எண்ணிக்கையை மட்டும் பார்த்துக் கனவு காண்கிறார்கள். ஒரு ஸ்டுடியோ பிழைக்குமா என்பதைப் பற்றி அந்த எண்ணிக்கை சொல்வது மிகக் குறைவு. எது சொல்லும் என்பதை ஓர் உண்மைக் கதையை வைத்துப் பார்க்கலாம்.

## நியூயார்க்கில் நடந்தது

கதையின் நாயகன் ஓஎம்ஜிபாப் என்ற நியூயார்க் நிறுவனம். 2006-இல் சார்ல்ஸ் ஃபோர்மன் தொடங்கியபோது அதற்கு வேறு பெயர். இளைஞர்கள் ஒருவரோடொருவர் அரட்டையடித்து விளையாடும் இணையதளமாக இருந்தது. பிறகு பெயர் மாறியது, டான் போர்ட்டர் தலைமைப் பொறுப்புக்கு வந்தார். பல வருடங்களில் முப்பதுக்கும் மேற்பட்ட விளையாட்டுகளைச் செய்து பார்த்தார்கள். எதுவும் பெரிதாக ஓடவில்லை. முதலீட்டாளர்கள் கொடுத்த பணமும் கரைந்துகொண்டே வந்தது.

2012 பிப்ரவரியில் 'டிரா சம்திங்' என்ற மொபைல் கேமை வெளியிட்டார்கள். விளையாட்டு ரொம்ப எளிது. உங்களுக்கு மூன்று சொற்கள் காட்டப்படும். ஒன்றைத் தேர்ந்தெடுத்து, விரலால் படம் வரைந்து, நண்பருக்கு அனுப்ப வேண்டும். நீங்கள் கோடு போட்டதும் அழித்ததும் மறுபடி போட்டதும் எல்லாம் அப்படியே அவர் கண்முன் ஓடும். அவர் சொல்லைக் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்தால் இருவருக்குமே விளையாட்டுக்குள் செலவழிக்கும் காசு. அப்புறம் அவர் வரைய, நீங்கள் கண்டுபிடிக்க வேண்டும். ஜெயிப்பவர், தோற்பவர் என்று யாரும் இல்லை. இருவரும் ஒரே நேரத்தில் போனைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டியதும் இல்லை.

ஏறக்குறைய ஐம்பது நாளில் 5 கோடி டவுன்லோடு. அந்த ஓட்டத்தின் நடுவிலேயே, மார்ச் 21 அன்று, ஃபார்ம்வில் புகழ் ஸிங்கா நிறுவனம் ஓஎம்ஜிபாப்பைச் சுமார் 18 கோடி டாலருக்கு வாங்கிக்கொண்டது. ஏப்ரலில் ஒரு நாளைக்கு 1.4 கோடிப் பேருக்கும் மேல் விளையாடினார்கள். மே தொடக்கத்தில் அது 1 கோடி அளவுக்கு இறங்கிவிட்டது. இறங்கியது ஏறவே இல்லை. 2013 ஜூனில் ஸிங்கா 520 பேரை வேலையிலிருந்து நீக்கியபோது ஓஎம்ஜிபாப் ஆபீஸும் மூடப்பட்டது.

சுருக்கமாக: ஆறு வருடப் போராட்டம், சில வார வெற்றி, ஒரு வருடத்துக்குச் சற்று அதிகமான இறக்கம். இந்த மூன்றுக்கும் பின்னால் ஒரே இயக்கம்தான் இருக்கிறது.

## திருவிழாக் கடையும் தெருமுனை டீக்கடையும்

தேர்த் திருவிழாவின்போது ஊரில் கடை போடுகிறவரை நினைத்துப் பாருங்கள். பத்து நாள் கூட்டம் அலைமோதும். ஒரு நாளில் ஆயிரம் பேர் வந்து போவார்கள். தெருமுனை டீக்கடைக்கு ஒரு நாளைக்கு நூறு பேர்தான் வருவார்கள். ஆனால் நாளைக்கும் அதே நூறு பேர் வருவார்கள். திருவிழாக் கடைக்காரருக்கு இது நன்றாகவே தெரியும். அதனால் பத்து நாள் வருமானத்தை நம்பி அவர் நிரந்தர ஆள் வைப்பதில்லை, பெரிய கட்டடம் வாடகைக்கு எடுப்பதுமில்லை. மொபைல் கேமில் சிக்கல் என்னவென்றால், கூட்டம் வரும் சமயத்தில் அது திருவிழாக் கூட்டமா, தினசரி வாடிக்கையா என்று வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. ஆப் ஸ்டோர் பட்டியலில் இரண்டும் முதலிடத்தில்தான் நிற்கும். அந்தப் பட்டியலைப் பார்த்து இன்னும் பலர் வந்து இறக்குவதால் கூட்டம் மேலும் பெருகும்.

டவுன்லோடு எண்ணிக்கை என்பது வாசலைத் தாண்டி உள்ளே வந்தவர்களின் மொத்தக் கணக்கு. அதில் ஒருபோதும் யாரும் கழிக்கப்படுவதில்லை. ஒரு முறை திறந்து பார்த்துவிட்டு அழித்தவரும் அந்த 5 கோடியில் ஒருவர்.

## கூட்டம் எப்படிச் சேர்கிறது: பரவல் எண்

விளம்பரத்துக்குச் செலவே செய்யாமல் ஒரு கேம் பரவ முடியும். ஒருவர் சராசரியாக எத்தனை பேரை உள்ளே கூட்டி வருகிறார் என்பதைப் 'பரவல் எண்' என்று வைத்துக்கொள்வோம். கணக்கு சுலபம்: ஒருவர் எத்தனை பேரை அழைக்கிறார் என்பதை, அழைக்கப்பட்டவர்களில் எத்தனை பங்கு பேர் உண்மையில் வருகிறார்கள் என்பதால் பெருக்க வேண்டும்.

ஓர் உதாரணம் போடுவோம். ஒவ்வொருவரும் ஐந்து பேரை அழைக்கிறார்கள்; அழைக்கப்பட்டவர்களில் நான்கில் ஒருவர் வருகிறார். பரவல் எண் 1.25. முதலில் 100 பேர் இருந்தால் அவர்கள் 125 பேரைக் கொண்டுவருவார்கள், அந்த 125 பேர் 156 பேரை, அவர்கள் 195 பேரை. ஒவ்வொரு சுற்றிலும் கூட்டம் பெருகிக்கொண்டே போகும். இதே எண் 0.5 என்றால் 100, 50, 25 என்று தேய்ந்து நின்றுவிடும். ஒன்றுக்கு மேலா கீழா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

டிரா சம்திங்கில் இந்த எண் இயல்பாகவே உயர்ந்து நின்றது. அதைத் தனியாக விளையாட முடியாது. அதனால் நண்பரை அழைப்பதே முதல் வேலை. நீங்கள் அனுப்பிய ஒவ்வொரு படமும் அவருடைய போனில் ஓர் அறிவிப்பாக விழும். அவர் பதில் அனுப்பினால் உங்கள் போனில் விழும். விளையாடுவதும் விளம்பரம் செய்வதும் ஒரே காரியமாகிவிட்டது. முப்பதுக்கும் மேற்பட்ட கேம்களைச் செய்து கைபழகிய குழு செய்த வேலை இது. இந்த வரையும் விளையாட்டின் ஒரு முன்வடிவம் அவர்களுடைய இணையதளத்தில் ஏற்கெனவே இருந்தது. அதில் எல்லோரும் ஒரே நேரத்தில் கூடிப் போட்டி போட வேண்டும். போட்டியை எடுத்துவிட்டு, இரண்டு பேர் தங்களுக்கு நேரம் கிடைக்கும்போது மாறி மாறி விளையாடும்படி போனுக்கு ஏற்றார்கள். "அதிர்ஷ்டத்தில் அடித்தது" என்று இதைச் சொல்வது அவர்கள் உழைப்புக்குச் செய்யும் அநியாயம்.

## அதே கதவு வழியாக வெளியேற்றம்

இந்தப் பகுதியைத்தான் பலரும் கவனிப்பதில்லை. எனக்கு மிக முக்கியமாகப் படுவதும் இதுதான்.

பரவல் எண் என்றும் ஒரே நிலையில் இருக்காது. முதல் வாரத்தில் நீங்கள் அழைக்கும் ஐந்து பேரும் புதியவர்கள். ஆறாவது வாரத்தில் உங்கள் நண்பர்களில் வர வேண்டியவர்கள் எல்லாம் வந்தாயிற்று. மீதிப் பேர் வரப்போவதில்லை என்று முடிவு செய்துவிட்டார்கள். அழைப்பு அதே அளவு போனாலும் வருகிறவர்கள் குறைவார்கள். 1.25 என்பது 1 ஆகும், பிறகு 0.6 ஆகும். யாரும் எந்தத் தவறும் செய்யாமலே இது நடக்கும்.

அடுத்தது இன்னும் கடுமையானது. இருவர் சேர்ந்துதான் விளையாட முடியும் என்றால், ஒருவர் நிறுத்தும்போது இன்னொருவரின் விளையாட்டும் நின்றுவிடுகிறது. நீங்கள் எட்டு நண்பர்களோடு ஆடிக்கொண்டிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அவர்களில் மூன்று பேர் சலித்து விட்டுவிட்டால் உங்களுக்கு வரும் அறிவிப்புகள் குறையும். அறிவிப்பு குறைந்தால் நீங்கள் திறப்பது குறையும். நீங்கள் பதில் அனுப்பத் தாமதித்தால் மீதி ஐந்து பேரில் இரண்டு பேர் விலகுவார்கள். இப்படி ஒருவர் விலகுவது பலரை விலக வைக்கும். உள்ளே வரும்போது எந்த வேகத்தில் வந்தார்களோ, கிட்டத்தட்ட அந்த வேகத்திலேயே போவார்கள்.

இதைத் தாங்கிப் பிடிக்க விளையாட்டுக்குள் வேறு காரணம் வேண்டும். டிரா சம்திங்கில் அது மெலிதாக இருந்தது. சொற்பட்டியல் ஓர் அளவுக்குட்பட்டது. சில வாரங்களில் அதே சொற்கள் திரும்ப வந்தன. சேர்த்த காசில் புதிய வண்ணங்கள் வாங்கலாம். வண்ணம் வாங்கி முடித்தவருக்குப் பெரிதாக அடுத்த இலக்கு கிடையாது. நாளைக்கு வந்தால் இன்றைக்கு இல்லாத எதைப் பார்க்கப் போகிறோம் என்ற கேள்விக்கு நண்பரின் அடுத்த படம் மட்டுமே பதிலாக இருந்தது. நண்பர் போய்விட்டால் அதுவும் இல்லை. 2013-இல் இரண்டாம் பாகம் வந்தது. கலைந்த கூட்டம் திரும்பவில்லை.

சுருக்கமாக: நண்பர்கள் மூலம் வளரும் கேம், நண்பர்கள் மூலமே தேயும். வெளியேற்றத்தைத் தாமதப்படுத்துவது விளையாட்டின் ஆழம்தான்.

## யார் தங்குகிறார்கள்: தக்கவைப்பு விகிதம்

டீக்கடை வாடிக்கையை அளக்க இந்தத் தொழிலில் ஓர் அளவுகோல் இருக்கிறது. இன்று இன்ஸ்டால் செய்த 1,000 பேரில் நாளை எத்தனை பேர் மறுபடி திறக்கிறார்கள், ஏழாவது நாள் எத்தனை பேர், முப்பதாவது நாள் எத்தனை பேர் என்று எண்ணுவார்கள். இதற்குத் 'தக்கவைப்பு விகிதம்' என்று பெயர் வைத்துக்கொள்வோம். முதல் நாள் 40, ஏழாம் நாள் 20, முப்பதாம் நாள் 10 சதவீதம் என்பது தொழிலில் நெடுங்காலமாகப் புழங்கும் கைக்கணக்கு. அதாவது, நல்ல கேம் என்று பெயரெடுத்ததிலும் ஒரு மாதத்தில் ஆயிரத்துக்கு நூறு பேர்தான் மிஞ்சுவார்கள்.

இப்போது டவுன்லோடு எண்ணிக்கையை மறுபடி பாருங்கள். முப்பதாம் நாள் 10 சதவீதம் தங்கும் கேமை 10 லட்சம் பேர் இறக்கினால் 1 லட்சம் பேர் நிற்பார்கள். 1 சதவீதம் மட்டுமே தங்கும் கேமை 50 லட்சம் பேர் இறக்கினாலும் நிற்பது 50 ஆயிரம் பேர்தான். செய்தியில் இடம் பிடிப்பது இரண்டாவது கேம். சம்பளம் கொடுக்கக்கூடியது முதல் கேம்.

புதியவர்கள் வெள்ளமாக வந்துகொண்டிருக்கும்வரை இந்த ஓட்டை தெரியாது. ஒரு நாளில் 5 லட்சம் பேர் விலகினாலும் 8 லட்சம் பேர் புதிதாக வந்தால் தினசரிக் கணக்கு ஏறிக்கொண்டேதான் இருக்கும். பரவல் எண் ஒன்றுக்குக் கீழே இறங்கிய அன்றைக்குத்தான் உள்ளே இருந்த குறை வெளியே தெரியும். அதனால்தான் வீழ்ச்சி திடீரென்று வந்ததுபோலத் தோன்றுகிறது.

## பணம் எங்கிருந்து வருகிறது

நண்பர்கள் மூலம் வருகிறவர்கள் குறைந்தபின் ஸ்டுடியோவுக்கு மிஞ்சும் வழி விளம்பரம். அங்கே இரண்டு எண்கள் போதும்.

ஒரு புதிய ஆளை இன்ஸ்டால் செய்ய வைக்க விளம்பரத்துக்கு ஆகும் சராசரிச் செலவு 'இன்ஸ்டால் செலவு'. அந்த ஆள் முதல் நாளிலிருந்து விட்டுப் போகும் நாள்வரை ஸ்டுடியோவுக்குத் தரும் சராசரி வருமானம் 'ஆயுள் மதிப்பு'. இரண்டாவது முதலாவதைவிடப் பெரிதாக இருந்தால் தொழில் ஓடும்.

இலவச கேம்களில் பணம் கட்டி எதையாவது வாங்குகிறவர்கள் மிகச் சிலர். பொதுவாக நூற்றுக்கு ஐந்து பேர்கூடத் தேற மாட்டார்கள். மற்றவர்கள் விளம்பரம் பார்ப்பதால் சில்லறை வருமானம் வரும். ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். ஆளுக்கு 50 ரூபாய் வீதம் 1,000 பேரைக் கொண்டுவர 50,000 ரூபாய் செலவு. அவர்களில் 20 பேர் ஆளுக்கு 1,500 ரூபாய் கட்டினால் 30,000. மீதி 980 பேர் விளம்பரம் பார்த்ததில் ஆளுக்குப் பத்து ரூபாய் என்றால் 9,800. கட்டிய பணத்தில் ஆப் ஸ்டோருக்குக் கமிஷன் உண்டு. ஆப்பிளும் கூகுளும் நெடுநாள் 30 சதவீதம் எடுத்தன, 2021 முதல் சின்ன நிறுவனங்களுக்கு 15 சதவீதம். அந்த 4,500 ரூபாயைக் கழித்தால் கையில் நிற்பது 35,300.

ஆக, ஆளுக்கு 50 ரூபாய் போட்டு 35 ரூபாய் 30 காசு எடுத்திருக்கிறோம். இதே கணக்கில் 10 லட்சம் பேரைக் கொண்டுவந்தால் நஷ்டம் 1 கோடியே 47 லட்சம். சம்பளம், வாடகை, சர்வர் செலவு எதுவும் இதில் சேரவில்லை. டவுன்லோடு கூடக் கூட நஷ்டம் கூடும் நிலை இது. வெளியே இருப்பவர்களோ "கேம் சூப்பரா ஓடுது" என்பார்கள்.

இதைச் சரிசெய்ய முதலில் கை வைக்க வேண்டியது தக்கவைப்பில்தான். ஆட்கள் இரண்டு மடங்கு நாள் தங்கினால் விளம்பர வருமானம் கூடும், பணம் கட்டுகிறவர்களும் கூடுவார்கள். வரும் ஆட்களைக் கசக்கிப் பிழியும் விதமாக, இரண்டு நிமிடத்துக்கு ஒரு விளம்பரம் போடுகிற ஸ்டுடியோக்கள் உண்டு. அது ஆட்களை இன்னும் சீக்கிரம் துரத்தும். விளையாடுகிறவருக்கும் அது மரியாதைக் குறைவு.

ஒரு தடவை மட்டும் காசு வாங்கும் கேம்களுக்கு வேறு விதமான கஷ்டம். ஃபின்லாந்தின் ரோவியோ 51 கேம்கள் செய்தபிறகு 2009 டிசம்பரில் ஆங்ரி பேர்ட்ஸை வெளியிட்டது. ஐபோனில் ஒரு டாலருக்கும் குறைவான விலை. வாங்கியவர் அதற்கப்புறம் எதுவும் கட்ட வேண்டாம். விளையாடுகிறவருக்கு அதைவிட நேர்மையான பேரம் இருக்க முடியாது. ஆனால் சந்தை இலவச கேம்களுக்கு மாறியபோது, ஒரு தடவை காசு கட்டிய கோடிக்கணக்கானவர்களிடமிருந்து அடுத்த வருமானம் இல்லை. ஆங்ரி பேர்ட்ஸ் பெயரில் விற்ற பொம்மை, பை, உடை விற்பனையும் சரிந்தது. 2015-இல் 200-க்கும் மேற்பட்டோரை ரோவியோ வேலையிலிருந்து நீக்கியது. 2023 பிப்ரவரியில், மறுபடி செய்து வெளியிட்டிருந்த அந்தப் பழைய கேமைக் கூகுள் ஸ்டோரிலிருந்து எடுத்தது. தன் மற்ற கேம்களை அது பாதிக்கிறது என்பதுதான் சொன்ன காரணம்.

## 18 கோடி டாலர் எங்கே போனது

ஸிங்கா ஏன் அவ்வளவு கொடுத்தது? அதன் வருமானம் பெரும்பாலும் ஃபேஸ்புக் வழியாக வந்துகொண்டிருந்தது. மக்களோ போனுக்கு நகர்ந்துகொண்டிருந்தார்கள். 2011 டிசம்பரில்தான் 10 டாலர் விலையில் பங்கு வெளியிட்டிருந்தார்கள். மொபைலில் சீக்கிரம் காலூன்ற வேண்டிய நெருக்கடி. அந்த நேரத்தில் உலகின் நம்பர் ஒன் மொபைல் கேம் விலைக்கு வந்தது. திருவிழாவின் ஆறாம் நாள் கூட்டத்தை வைத்துக் கடைக்கு விலை பேசினார்கள்.

அந்த வருடம் அக்டோபரில், ஓஎம்ஜிபாப்பை வாங்கிய வகையில் 8.5 முதல் 9.5 கோடி டாலர்வரை 'மதிப்பிழப்பு' எழுதப் போவதாக ஸிங்கா அறிவித்தது. வாங்கிய சொத்து இனி அவ்வளவு சம்பாதிக்காது என்று தெரிந்தால், கணக்குப் புத்தகத்தில் அதன் மதிப்பைக் குறைத்து, குறைத்த தொகையை நஷ்டமாகக் காட்ட வேண்டும், அதுதான் மதிப்பிழப்பு. வாங்கி ஏழு மாதம்கூட ஆகவில்லை, பாதி விலை போய்விட்டது. ஸிங்காவின் பங்கும் அப்போது 3 டாலருக்குக் கீழே.

அப்படியானால் தோற்றது யார்? ஓஎம்ஜிபாப்பின் நிறுவனர்களும் முதலீட்டாளர்களும் உச்சத்தில் விற்றுப் பணம் பெற்றுவிட்டார்கள். அவர்கள் பக்கத்திலிருந்து பார்த்தால் அது சரியான முடிவு. நஷ்டம் ஸிங்காவின் பங்குதாரர்களுக்கு. வேலை போனது நியூயார்க் ஆபீஸில் இருந்தவர்களுக்கு. "ஸிங்கா கெடுத்தது" என்ற விளக்கத்தை நான் ஏற்காததற்குக் காரணம் தேதிகள்தான். வாங்கிய ஆறே வாரத்தில் கூட்டம் கலையத் தொடங்கிவிட்டது. ஆறு வாரத்தில் ஒரு கேமை அந்த அளவுக்குக் கெடுக்க யாராலும் முடியாது. தக்கவைப்புக் குறை முதலிலிருந்தே உள்ளே இருந்தது.

## நின்றவர்கள் எப்படி நின்றார்கள்

அதே 2012 ஆகஸ்டில் ஹெல்சிங்கியின் சூப்பர்செல் என்ற சிறிய நிறுவனம் கிளாஷ் ஆஃப் கிளான்ஸை ஐபோனுக்கு வெளியிட்டது. இன்றுவரை ஓடுகிறது. விளையாடுகிறவர் அதில் கட்டும் ஊர் வளர்ந்துகொண்டே போகும், கூட்டணியில் உள்ளவர்கள் காத்திருப்பார்கள், நாளைக்கு வர எப்போதும் ஒரு காரணம் இருக்கும். அதைவிட நான் மதிக்கும் வழக்கம் ஒன்று அவர்களிடம் உண்டு. ஒரு கேமை முதலில் சில நாடுகளில் மட்டும் வெளியிட்டு அளந்து பார்ப்பார்கள். இதற்கு 'சாஃப்ட் லாஞ்ச்' என்று பெயர். எண்கள் தேறவில்லை என்றால் மாதக்கணக்கான உழைப்பையும் தயங்காமல் நிறுத்திவிடுவார்கள். 2015-இல் ஸ்மாஷ் லேண்ட் என்ற கேம் அப்படித்தான் நிறுத்தப்பட்டது.

சின்ன ஸ்டுடியோவுக்கு இந்த அளவு பொறுமை காட்டக் கையில் பணம் இருக்காது. 2021 ஏப்ரலில் இன்னொரு கதவும் பாதி சாத்தப்பட்டது. ஐபோன் பயனரின் அனுமதி கேட்காமல் அவரை ஆப் விட்டு ஆப் பின்தொடரக் கூடாது என்று ஆப்பிள் விதி கொண்டுவந்தது. பயனருக்கு அது நல்ல பாதுகாப்பு. ஆனால் பணம் கட்டக்கூடியவர்களைக் குறிபார்த்து விளம்பரம் காட்டுவது கடினமாகிவிட்டதால், கைப்பணம் குறைந்தவர்களுக்கு இன்ஸ்டால் செலவைச் சமாளிப்பது இன்னும் சிரமம்.

அதனால் இன்று பல சின்னக் குழுக்கள் ஒரு பப்ளிஷரிடம் போகின்றன. விளம்பரச் செலவை அவர் பார்த்துக்கொள்வார். வருமானத்தில் பங்கு எடுத்துக்கொள்வார். நம் ஊர்ப் பிள்ளைகள் யாராவது அப்படி ஒப்பந்தம் போடப் போகிறார்கள் என்றால் நான் கேட்டுக்கொள்வது இவ்வளவுதான். அவர் காட்டும் டவுன்லோடு கணக்கை ஒதுக்கி வையுங்கள். சோதனை வெளியீட்டில் முப்பதாம் நாள் எத்தனை பேர் நின்றார்கள் என்று எழுத்தில் வாங்குங்கள். விளம்பரச் செலவைக் கழித்தபிறகு உங்கள் பங்கா, கழிக்கும் முன்பா என்று ஒப்பந்தத்தில் தேடிப் பாருங்கள். கழித்தபிறகு என்றால், மேலே போட்ட 50 ரூபாய்க் கணக்கை உங்கள் கேமின் எண்களை வைத்து ஒரு முறை போட்டுப் பார்த்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்.